துடைத்த போர்டு

கம்ப்யூட்டர் ஆபீசில் கூட்டித் துடைக்கிறவள் நான். பதற்றம் வந்தால் கை சும்மா இருக்காது. துடைக்கக் கூடாத போர்டையும் துடைத்துவிட்டேன். சி என்ற கணினி மொழியில், எந்தத் தகவலுக்குள் என்னென்ன இருக்கும் என்று சொல்லும் ஹெடர் கோப்பைத் தானாக எழுதும் நிரலுக்காக மேனேஜர் பூவராகன் போட்ட படம் அது. ‘ஆள்’ என்ற பெட்டிக்குள் அந்த ஆளின் அம்மா பெட்டி, அதற்குள் அந்த அம்மாவின் அம்மா பெட்டி, இப்படியே போர்டு கொள்ளாமல்.

“அப்படியே வரைஞ்சு வை. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே,” என்றார்.

எட்டாம் வகுப்போடு நின்ற கையால் ஒரே ஒரு பெட்டி வரைந்து, உள்ளே ‘அம்மா விலாசம்’ என்று எழுதினேன்.

“மிச்சம் எங்கே?”

“ஆளுக்குள்ள அம்மாவையே அடைக்க இடம் பத்தாதுங்க சார். விலாசம் இருந்தா போய்ப் பார்த்துக்கலாம்.”

இன்ஜினீயர் தெய்வானை சிரித்தாள். “பெட்டிக்குள்ள பெட்டின்னு ஒரு வாரமா நம்ம நிரல் முடியாம ஓடுதே, அதுக்கு இதுதான் சார் பதில். உள்ளே முழு அம்மாவை வைக்காம, இருக்கிற இடத்தைக் காட்டுற பாயின்டர் வைக்கணும்.”

வேலை பிழைத்தது. எத்தனை பெட்டி என்று மறந்துபோனதால்தான் விலாசத்தோடு நிறுத்தினேன் என்பதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.