செலினின் ஊசிகள்

எங்கள் ஆய்வகத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரு மேகலா மேடம். சீடர் அருளப்பன், மனைவி செலின் இறந்த பிறகு அவள் விட்டுப்போன ஆராய்ச்சியை முடிக்க வந்தவர்.

செலின் ஒரு புது மருந்தைப் படிகமாக்கியிருந்தாள். மெல்லிய ஊசி ஊசியான படிகங்கள். அவள் போன பிறகு அதே மருந்து கட்டி கட்டியாக வந்தது. அதே செங்கல், வேறு சுவர். சீசாவில் அவள் வைத்திருந்த ஊசிகளும் மெல்லக் கட்டிகளாகிவிட்டன.

“ஊசி ஒரு தடவை வந்தாப் போதும், மேடம். அவ காட்டினப்போ நான் சரியாக்கூடப் பாக்கலை.”

“எங்கெல்லாம் முயற்சி பண்ணினீங்க?”

“மாடி லேப்ல. வீட்டுச் சமையலறையில. ஊர்ல மச்சானோட பள்ளிக்கூடத்துல. எங்க போனாலும் கட்டிதான்.”

சமையலறை என்றதும் நாங்கள் சிரித்துவிட்டோம். மேடம் சிரிக்கவில்லை. தெளிந்த கரைசல் இருந்த குடுவையைத் திறந்தார்.

“இதுக்கு மேல கொஞ்சம் குனிங்க, சார்.”

அவருடைய சட்டைப் பையை விரலால் தட்டினார். எங்கள் கண்ணுக்குத் தெரிய எதுவும் விழவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடுவையில் கட்டிகள் கிடுகிடுவென்று வளர்ந்தன.

“பழைய கட்டியோட ஒரு தூசு போதும். மத்ததெல்லாம் அதைப் பாத்து அப்படியே அடுக்கிக்கும்.”

அருளப்பனின் முகம் தொங்கிப்போனது. “அப்போ போன இடத்துக்கெல்லாம் நானேதான் கொண்டுபோயிருக்கேன். இனிமே வரவே வராதா?”

அருளப்பன் ஒருநாளும் போகாத ஷில்லாங்கில் ஆய்வகம் வைத்திருந்த தோழியை மேடம் ஃபோனில் கூப்பிட்டார். மருந்தை அங்கேயே முதலிலிருந்து செய்யச் சொன்னார். இங்கிருந்து ஒரு பொட்டுப் பொடிகூட அனுப்பவில்லை.

சில வாரம் கழித்து மேடத்தின் ஃபோனுக்குப் படம் வந்தது. அருளப்பன் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஊசிகள். எங்கள் எல்லார் முன்னாலும் அழுதார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

“இன்னைக்கே டிக்கெட் போடறேன், மேடம். குளிச்சிட்டு, புதுச் சட்டை போட்டுட்டுப் போறேன். தொடமாட்டேன். கதவுகிட்ட நின்னு பாத்துட்டு வந்துடறேன்.”

மேடம் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார்.

“நீங்க போகாததாலதான் அது அங்க இருக்கு, சார்.”