சவரிராயன் போட்ட சாம்பல்

சவரிராயன் வாய் திறந்தால் மலையே கொஞ்சம் நகர்ந்து வழிவிடும் என்று பெருமாள்மலைப் பக்கம் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவனைத்தான் பிலோமினா தோட்ட வேலைக்கு வந்து பார்க்கச் சொல்லியிருந்தாள். அவளுக்கும் வேறு வழியில்லை. கொடைக்கானலில் அவள் நடத்தும் விடுதியில் அறைக்கு அறை கணப்பு. விருந்தாளிகள் குளிருக்கு விறகை எரித்துத் தள்ள, கொல்லையில் சாம்பல் மலையாகக் குவிந்தது. முன்பிருந்த தோட்டக்காரன் கங்கு ஆறாத சாம்பலை மணல் கொட்டுவது போலக் கொட்டி, கோழிக்கூட்டை எரித்து, பாத்திகளையும் பாழாக்கிவிட்டு ஓடிப்போனான். "எங்கள் தோட்டத்துக் காய்கறி" என்று வாசலில் பலகை எழுதி வைத்துவிட்டு, சந்தையில் ஒளிந்து ஒளிந்து காய் வாங்கிக்கொண்டிருந்தாள் பிலோமினா. இன்னொரு வருஷம் இப்படிப் போனால் மானம் போய்விடும்.

சாம்பலை என்ன செய்வாய் என்று அவள் கேட்டதுதான் தாமதம், வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. சமையல்காரர் இன்னாசி அடுப்பைத் தணித்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தார்.

சவரிராயன் முன்பு வேலை பார்த்த பங்களாவில் முட்டைக்கோஸைச் சுற்றி, சலித்த சாம்பல் ஒரு கைப்பிடி தூவினானாம். நத்தைகள் வந்து பார்த்து, இனி இங்கே பிழைப்பில்லை என்று வரிசை கட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிவிட்டனவாம்.

"எப்ப போய்ச் சேந்துச்சு?" என்றார் இன்னாசி.

"இன்னும் போய்க்கிட்டுதாண்ணே இருக்கு. நத்தையில்ல."

நத்தை ஒழிந்த நிம்மதியில் முட்டைக்கோஸ் வளர்ந்ததாம், வளர்ச்சியென்றால் அப்படியொரு வளர்ச்சி. ஒன்றை ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிட, பின்னால் வந்த பஸ்காரர்கள் இறங்கி, இலையைப் பிய்த்துத் தின்றே பாதை போட்டுக்கொண்டு போனார்களாம். பிலோமினா சிரிக்கவில்லை. எவ்வளவு சாம்பல் போட்டாய் என்று மட்டும் கேட்டாள்.

"அதே ஒரு கைப்பிடிதான்க்கா. தகர டின்னுல மூடி வச்சிருவேன். உள்ள கைய விட்டா ஜில்லுன்னு இருக்கணும். அப்பறம்தான் எடுப்பேன்."

ஆகாசப்புளுகு என்று இன்னாசி முணுமுணுத்தார். அது காதில் விழுந்த பிறகு சவரிராயன் சும்மா இருப்பானா? நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒரு கேரட்டு புடுங்கப் புடுங்க வரல. ஊரே கூடி இழுக்குறோம், கீழ இருந்து எவனோ திருப்பி இழுக்குறான். விசாரிச்சா, நுனி மலையத் தொளச்சு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் வெளிய வந்துருச்சு. அவங்க சாம்பாருக்கு அறுத்துக்கிட்டு இருக்காங்க."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்று இன்னாசி தலையிலடித்துக்கொண்டார். அதற்கு எத்தனை மூட்டை சாம்பல் என்று மடக்கினார்.

"மூட்டையா? மண்ணு செத்துப்போகும்ண்ணே. வருஷத்துக்கு ஒரு தடவ, கைப்பிடி."

அப்படியானால் உருளைக்கிழங்கு மாதாகோவில் உயரத்துக்கு வளர்ந்திருக்குமே என்று பிலோமினா தூண்டில் போட்டாள். சவரிராயன் வாயைத் திறந்தான், மூடினான். ஒரு நல்ல புளுகு கையை விட்டுப் போகிற வருத்தம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"உருளைக்கு நான் சாம்பலே போடலக்கா," என்றான் கடைசியில். "போட்டா கெழங்குத் தோல்ல சொறி புடிச்சிரும்."

பிலோமினாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னாள். போயும் போயும் இந்தப் புளுகனையா என்று இன்னாசி பொருமினார். பொய் வத்தலக்குண்டு வரைக்கும் வளர்ந்தும் சாம்பல் கைப்பிடியைத் தாண்டவில்லையே, எனக்கு அது போதும் என்றாள் அவள்.

சவரிராயனால் நம்ப முடியவில்லை. அப்படியானால் அந்தக் கேரட்டை நம்புகிறீர்களா என்று மெல்லக் கேட்டான்.

"நம்பாம? என் தங்கச்சி வத்தலக்குண்டுலதான் இருக்கா. கேரட்டு முத்திப்போயி சாம்பார்ல வேகவே இல்லன்னு போன்ல ஒரே பொலம்பல். இங்கயாவது கொஞ்சம் பிஞ்சாப் புடுங்கு."