கதாநாயகிக்கு மட்டும் வாய்

கோயம்புத்தூரில் ஒரு மாதர் வாசிப்பு வட்டம். தலைவி மரகதவல்லி. தாய் தகப்பன் இல்லாத அண்ணன் மகள் வசுமதியைத் தான் வளர்த்த பெருமையை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியும் அலுக்காதவள். அந்தப் பெண்ணை, வட்டத்தில் ஒருத்தியான மில்காரர் மனைவி சௌந்தராம்பாளின் மகனுக்குப் பேசி முடித்துவிட்டாள்.

“எனக்கு வேண்டாம் அத்தை” என்றாள் வசுமதி.

“வேண்டாம்னு சொல்ல நீ யாருடி? சௌந்தரா தன் வாயால வேண்டாம்னு சொல்லட்டும், விட்டுடறேன்.”

எங்கே சொல்வாள்? போன இடமெல்லாம் தட்டிப்போய், மகனுக்கு ஒரு பெண் கிடைத்தால் போதும் என்றிருந்தாள் அவள்.

அந்த மாதம் வட்டத்தில் பழைய ஆங்கிலக் காதல் நாவல். பணக்கார வரனை விருந்துக்கு நடுவே ஒரு பெண் மறுத்துவிடும் கதை. பஜ்ஜியைக் கடித்தபடி ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். சௌந்தராம்பாள் உருகியே போனாள்.

“சபையில வச்சு வேண்டாம்னு சொல்றா பாருங்க, அவ பொண்ணு! நம்ம பொண்ணுங்களும் இருக்குதுகளே, தலையாட்டி பொம்மைங்க!”

எல்லாரும் கைதட்டினார்கள். காபி கொடுத்துக்கொண்டிருந்த வசுமதி தட்டைக் கீழே வைத்தாள்.

“அப்படின்னா நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்க ஆன்ட்டி. உங்க பையன் எனக்கு வேண்டாங்க.”

“இந்த வாயா என் வீட்டுக்கு வருது? எனக்கு வேண்டவே வேண்டாம் இந்தப் பொண்ணு!”

“கேட்டுக்கிட்டீங்களா அத்தை? அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க.”

கல்யாணம் நின்றது. ஏன் வேண்டாம் என்று அவளை ஒருத்தியும் கேட்கவில்லை. டம்ளர்களை அன்றும் அவள்தான் கழுவினாள். கதாநாயகிக்குக் கைதட்டியவர்கள் அடுத்த மாதத்துக்கு, பெண்ணே வராத துப்பறியும் நாவலாகப் பார்த்து எடுத்தார்கள்.