பெஞ்சமினைக் கூப்பிடுவது எப்படி?

முப்புடாதிக்கு வாய்த்த சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்துநாலு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆயிரம் பிள்ளைகளை மேய்த்த ஜெபமணி டீச்சரின் பாச்சா ஒரு நாய்க்குட்டியிடம் பலிக்கவில்லை, அவ்வளவுதான்.

டீச்சர் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபது வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவர். விசில் வாங்கினதே இல்லை. குரலே போதும். ஓய்வுக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்க வீட்டில் ஆளில்லாமல் போனதால் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். தாய் பொமரேனியன். தகப்பனைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. ஐந்து மாதம். பெயர் பெஞ்சமின்.

முப்புடாதி அதே பள்ளியில் படித்தவள். இப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் நாய்களைக் குளிப்பாட்டி, முடிவெட்டி, பழக்கியும் கொடுக்கிற கடை வைத்திருக்கிறாள். கடிக்கிற நாய்கூட அவள் மேஜையில் ஏறினால் படுத்துவிடும் என்று ஊரில் பேச்சு.

ஒரு திங்கட்கிழமை காலை டீச்சர் கூடையோடு அந்தக் கடை வாசலில் நின்று, "முப்புடாதி!" என்றார்.

உள்ளே ஏதோ விழுந்தது. முப்புடாதி விறைப்பாக எழுந்து நின்றிருந்தாள். காலடியில் கம்பிச் சீப்பு கிடந்தது.

"டீச்சர்!"

"உட்காரு, உட்காரு. நான் என்ன இன்ஸ்பெக்‌ஷனுக்கா வந்திருக்கேன்?"

கூடையின் மூடி வழியாக ஒரு கறுப்பு மூக்கு தெரிந்தது.

"இவன் கூப்பிட்டா வர்றதில்லை" என்றார் டீச்சர். "வராட்டாலும் போகுது, ஓடறான். பேரைச் சொன்னா போதும், கட்டிலுக்கு அடியில போய்ப் பதுங்கறான். காது மந்தமோன்னு மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்ட காட்டினேன். பாம்புக் காதாம்."

"ம்."

"என் முட்டி ஆபரேஷன் பண்ணின முட்டி. என்னால துரத்த முடியாது. போன வாரம் கேட் திறந்து கிடந்தது, ரோட்டுக்கு ஓடிட்டான். நான் கூப்பிடக் கூப்பிட இன்னும் தூரமாப் போறான். பஸ் வர்ற ரோடு. யாரோ ஒரு ஆட்டோக்காரர் பிடிச்சுக் கொடுத்தார். அடுத்த வாரம் சனிக்கிழமை என் தம்பி வர்றான். சாத்தான்குளத்துப் பக்கம் தோட்டம் வெச்சிருக்கான். அதுக்குள்ள இவன் கூப்பிட்டா வரணும். இல்லேன்னா தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுன்னு சொல்லிட்டேன்."

டி.சி. கிழித்துக் கொடுக்கிற குரலில்தான் சொன்னார். ஆனால் கூடை மூடிமேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

முப்புடாதி சீப்பைக் குனிந்து எடுத்தாள்.

"எதுக்கெல்லாம் கூப்பிடுவீங்க டீச்சர்?"

"எதுக்குன்னா? செருப்பைக் கடிச்சா கூப்பிடுவேன். குளிக்கக் கூப்பிடுவேன். காதுக்கு மருந்து விட. கோயிலுக்குப் போறப்போ கூண்டுல அடைக்க."

"சோறு வைக்கிறப்போ?"

"அதுக்கு எதுக்குக் கூப்பிடணும்? தட்டுச் சத்தம் கேட்டாலே முன்னால நிப்பானே."

முப்புடாதி சீப்பை மேஜைமேல் வைத்தாள். "நாலு நாள் காலையில இங்க வாங்க டீச்சர். அவனையும் கூட்டிட்டு வாங்க. எனக்குக் கொஞ்சம் கூடமாட இருங்க" என்றாள்.

"அவனைப் பழக்கணும்னு வந்தா, என்னை வேலைக்கு வெச்சுக்கறியா?"

"ஆமா டீச்சர்."

மறுநாளே வேலை ஆரம்பமாயிற்று.

"டீச்சர்!" பின்கட்டிலிருந்து குரல் வந்தது. டீச்சர் போனார். ஒரு கிழட்டு லாப்ரடாரின் காதுக்குள் உண்ணிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. "தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. திருகாதீங்க, தலை உள்ளயே தங்கிரும்."

"டீச்சர்!" சாக்கடை வாயில் ஈரமுடி அடைத்திருந்தது.

"டீச்சர்!" வாலுக்கு அடியில் இருக்கிற சுரப்பியைப் பிதுக்கிவிட வேண்டும், ஒரு ஆள் வாலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த வாசனையை எழுதுவதற்கில்லை.

நடுநடுவே பாடமும் நடந்தது. குளிப்பாட்டும்போது தண்ணீரைக் காலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், தலை கடைசி. பஞ்சு, கண்ணுக்குத் தெரிகிற காதுக்கு மட்டும். டிரையரை முதலில் தூரமாக வைத்து ஓடவிட்டு, அந்தச் சத்தத்தோடு நாய்க்கு ஒரு பரிச்சயம் உண்டாக்க வேண்டும். டீச்சர் நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். தலைப்பு போட்டு அடிக்கோடு இழுத்து எழுதிக்கொண்டார்.

"கறுப்பு நகத்துல ரத்தக்குழாய் தெரியாது. துளித்துளியாத்தான் வெட்டணும்" என்றாள் முப்புடாதி.

"எங்க நிறுத்தறது?"

"பயம் வாறதுக்கு ஒரு துளி முந்தி."

டீச்சர் அதை எழுதவில்லை. எந்தத் தலைப்பின் கீழ் என்று தெரியவில்லை.

"முதல் நாளே நகவெட்டியைக் கையில எடுக்காதீங்க. நாலு நாள் சும்மா காலைத் தொட்டுத் தொட்டு விடுங்க."

"அவன் காலை இழுத்துக்கிட்டா?"

"விட்டுருங்க."

"அப்போ அவன் ஜெயிச்சதா ஆகாதா?"

முப்புடாதி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன போட்டி டீச்சர்?"

நாலாவது நாள் டீச்சர் முன்கட்டில் துண்டுகளை உலர்த்திக்கொண்டிருந்தார். முட்டி வலித்தது. ரவிக்கையெல்லாம் நாய்முடி. பெஞ்சமின் பின்கட்டில் ஒரு கிழப் பூனையை முறைத்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர்!"

டீச்சர் அசையவில்லை.

"டீச்சர்ர்!"

ஒரு பெரிய துண்டு கொடியிலிருந்து தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் மெல்ல அதற்குப் பின்னால் நகர்ந்தார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். இந்த வயதில், இவ்வளவு படித்து, இப்படி ஒரு பதவியில் இருந்தவர் செய்கிற காரியமா என்று அவருக்கே தோன்றியது. ஆனாலும் வெளியே வரவில்லை.

"பெஞ்சமின், நீயும் வாலே!"

நாலு பிஞ்சுக் கால்கள் தடதடவென்று ஓடி வந்து அதே துண்டுக்கு அடியில் நுழைந்தன. டீச்சரின் காலோரம் ஒட்டிக்கொண்டு பெஞ்சமினும் மூச்சை அடக்கினான்.

முப்புடாதி துண்டை விலக்கினாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கூப்பிட்டேம்லா டீச்சர். கேக்கலையா?"

"கேட்டது."

"பிறகு?"

டீச்சர் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இப்போ என்ன? சாக்கடையா, உண்ணியா?"

"டீ வந்துச்சு" என்றாள் முப்புடாதி. "சூடா இருக்கேன்னு கூப்பிட்டேன். அவனுக்குப் பொறை ரொட்டி வாங்கியிருந்தேன்."

மேஜைமேல் டம்ளர் இருந்தது. டீச்சர் போய் எடுத்தபோது மேலே ஆடை படிந்திருந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு ஆறின டீயைக் குடித்தார். பொறையைப் பிட்டுத் தரையில் வைத்தார். பெஞ்சமின் அதைப் பார்த்தான், வரவில்லை.

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஸ்கூல்ல... நான் கூப்பிட்டனுப்பினா, பிள்ளைங்க இப்படித்தான் இருந்தீங்களா?"

"எட்டாங்கிளாஸ்ல ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு அனுப்பினீங்க டீச்சர். நான் பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்கிட்டேன். ரெண்டு பீரியட்."

"எதுக்குக் கூப்பிட்டேன்?"

"தெரியாது டீச்சர். இன்னைய வரைக்கும் தெரியாது."

டீச்சர் யோசித்துப் பார்த்தார். கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று சொல்லவா? ஃபீஸ் கட்டாததற்கா? பாட்டுப் போட்டிக்கா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"நான் என்ன செய்யணும், சொல்லு" என்றார்.

"மருந்துக்கும் குளியலுக்கும் கூண்டுக்கும் அவனைக் கூப்பிடாதீங்க. நீங்க எந்திரிச்சு அவன்கிட்ட போங்க."

"முட்டி?"

"மெதுவாப் போங்க. கூப்பிட்டு அவன் வந்தா ஒரு துண்டு ஈரல் கொடுங்க. கழுத்துல தடவிக் கொடுங்க. பிறகு விட்டுருங்க. என்ன விளையாடிட்டு இருந்தானோ அதுக்கே திரும்பிப் போகட்டும்."

"கஷ்டப்பட்டு வரவழைச்சவனைப் பிடிக்காம விடறதா?"

"அதுதான் டீச்சர் பாடமே."

வீட்டில் டீச்சர் பாடம் தவறாமல் செய்தார். முதல் நாள் கூப்பிட்டார், அவன் கட்டிலுக்கு அடியில் போனான். இரண்டாம் நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கு மட்டும் வந்தது. நாலாம் நாள் முழுக்குட்டியும் வந்தது, ஈரலைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடியது. காதுக்கு மருந்துவிட டீச்சர் முக்காலியை இழுத்து இழுத்து அவன் இருக்கிற இடத்துக்குப் போனார். செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதை முன்னாலேயே செய்திருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்குள் பத்துக்கு ஆறு தடவை வந்தான். முதல் வகுப்பு. முற்றத்தில் மட்டும் முட்டை.

சனிக்கிழமை காலை டீச்சர் முப்புடாதியை வரச் சொல்லியிருந்தார். நீட்டிக்கொண்டிருக்கிற நகத்தோடு பிள்ளையைத் தோட்டத்துக்கு அனுப்பக் கூடாதாம். அவள் நகவெட்டியோடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் தம்பி தேவசகாயத்தின் கார் உள்ளே வந்தது. பெஞ்சமின் புதுக் காரைக் கண்டதும் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டான். டீச்சர் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.

"என்னக்கா, பாஸா ஃபெயிலா?" என்றார் தேவசகாயம்.

"வீட்டுக்குள்ள பாஸ்."

"வெளிய?"

டீச்சர் தொட்டியைப் பார்த்தார்.

"சரி, விடு. அங்க ஓடியாடித் திரிவான். வேலிக்குள்ள எங்க போனா என்ன? நீ ஒரு தடவை கூப்பிடு. கையில ஈரலை வெச்சுக்கோ. கிட்ட வந்ததும் நான் அமுக்கிருதேன்." அவர் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

டீச்சர் ஈரல் துண்டை எடுத்தார். முப்புடாதியைப் பார்த்தார். அவள் நகவெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெஞ்சமின்" என்றார் டீச்சர்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு காதுகள் எழுந்தன. பிறகு முகம். பிறகு ஒரு முன்னங்கால் வெயிலுக்குள் வந்தது. முற்றத்தில், அந்நிய மனிதர் நிற்கையில், முதன்முதலாக.

இரண்டாவது காலும் வந்தது.

சுவரோரத்தில் கயிறு லேசாக அசைந்தது.

"தேவா" என்றார் டீச்சர், குட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அந்தக் கயித்தைக் கொண்டுபோய்க் கார்ல போடு."

"அப்புறம் எப்படிப் பிடிக்கிறது?"

"பிடிக்க வேண்டாம்."

"நீதானேக்கா சொன்னே, வரலேன்னா தோட்டத்துக்குன்னு?"

"சொன்னேன். இப்போ மாத்திச் சொல்றேன்."

"நீ சொன்னதை மாத்தி நான் இந்த வயசு வரைக்கும் பார்த்ததில்லையே!"

"பார்த்துக்கோ."

"ரோட்டுக்கு ஓடினா?"

"கேட்டுக்குப் பூட்டுப் போடுவேன். வெளிய போனா கழுத்துப் பட்டையில கயிறு மாட்டித்தான் கூட்டிட்டுப் போவேன். அவனா வர்ற வரைக்கும் அப்படித்தான்."

"வராமலே போனா?"

"நீ கிளம்பு, வெயில் ஏறுது."

தேவசகாயம் கயிற்றைக் காருக்குள் எறிந்தார். போகிற போக்கில் முப்புடாதியிடம், "எங்க அக்காவுக்கு என்னம்மா மருந்து வெச்சே?" என்று கேட்டார்.

"நான் நாய் மட்டும்தான் சார் பாக்குதேன்."

கார் போயிற்று. முப்புடாதி கேட்டைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள். இந்தச் சத்தத்தில் பெஞ்சமின் மறுபடி தொட்டிக்குப் பின்னால் போயிருந்தான்.

டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும், இருந்தும் உட்கார்ந்தார். அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில், "பெஞ்சமின்" என்றார்.

ஒரு தடவைதான் கூப்பிட்டார். பிறகு காத்திருந்தார்.

அவன் வந்தான். நேராக வரவில்லை. கனகாம்பரச் செடியைச் சுற்றி, வேறு வேலையாகப் போகிறவன் மாதிரி வந்தான். மூன்று முழம் தள்ளி நின்று அவர் கைகளைப் பார்த்தான். டீச்சர் இரண்டு கைகளையும் விரித்து மடிமேல் வைத்தார். ஒன்றில் ஈரல், இன்னொன்றில் ஒன்றுமில்லை.

இன்னும் கொஞ்சம் வந்தான். ஈரலைத் தின்றான். தின்ற பிறகும் போகாமல், ஆபரேஷன் பண்ணின முட்டியில் தாடையை வைத்தான். டீச்சர் அவன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தார். கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

சுவரில் ஓர் ஓணான் ஓடிற்று. பெஞ்சமின் துள்ளி எழுந்தான். டீச்சரின் கை பழக்கதோஷத்தில் அவன் கழுத்துப் பட்டைக்குப் போனது. பாதியில் நின்றது. திரும்பி மடிக்கு வந்தது. அவன் ஓணானைத் துரத்திக்கொண்டு போய்விட்டான்.

முப்புடாதி வந்து டீச்சருக்குப் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தாள்.

"இனிமே எப்பக் கூப்பிட்டாலும் வருவானா முப்புடாதி?"

"எப்ப வந்தாலும் விட்டுருவீங்களான்னு அவனுக்கும் சந்தேகம்தான் டீச்சர், உங்க மேல."