ஏழாம் நம்பர் கட்டில்

"குருவே, ஒண்ணும் தோண மாட்டேங்குது."

வேதநாயகம் இப்படிப் புலம்புவது அந்த வாரத்தில் நாலாவது தடவை.

குரு என்றதும் தாடியும் காவியும் நினைத்துவிடாதீர்கள். குரு நஸ்ரீனுக்கு வயது முப்பத்தொன்று. போன் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவர். சீடருக்குத்தான் நாற்பத்தாறு. இருபது வருஷம் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் வேலை பார்த்துவிட்டு, போன வருஷம்தான் நஸ்ரீனின் அலுவலகத்தில் வந்து சேர்ந்தார். கேலியாக ஆரம்பித்த 'குருவே' எப்போதோ நிஜமாகிவிட்டது.

"பரிசு வாங்கின டிசைன், வெளிநாட்டு வெப்சைட், ஒரு கோர்ஸ், எல்லாம் பார்த்தாச்சு. ஆயிரத்து நானூறு படம் சேர்த்து வெச்சிருக்கேன். இன்னும் நல்ல இடம் ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"இருக்குண்ணா. உட்கார ஸ்டூல்தான் கிடைக்கும், பரவாயில்லையா?"

விஷயம் இதுதான். ஊரில் ஒரு டயாலிசிஸ் மையம். அதற்கு வேதநாயகம் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தார். சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கும்போதே நோயாளி தன் அடுத்த தேதியைப் போனில் உறுதி செய்ய வேண்டும். பாதிப் பேர் செய்யவில்லை. அவர்கள் முறை வேறு ஆளுக்குப் போயிற்று. முறை தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும், விளையாட்டில்லை. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் செயலியைத் தூக்கிவிட்டு, பழையபடி விடியற்காலை வரிசைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, திரை அழகாகத்தான் இருந்தது. இரண்டு விரலால் விரித்தால் மாதக் காலண்டர் பூப்போல மலரும். அந்த ஒன்றுக்கே மூன்று வாரம் உழைத்திருந்தார்.

நஸ்ரீன் ஒரு சீட்டில் மையத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். "ஏழாம் நம்பர் கட்டில் பக்கத்துல உட்காருங்க. எதுவும் கேட்காதீங்க."

சாயங்காலம் சீடர் திரும்பி வந்தார்.

"என்ன பார்த்தீங்க?"

"என்னத்தைப் பார்க்க? எல்லாரும் தூங்கறாங்க."

"சரி. நாளைக்கும் போங்க."

மனுஷனுக்குக் கோபம். ஆனாலும் போனார்.

மறுநாள் ஏழாம் கட்டிலில் வேறு ஆள், இட்லி மாவுக்கடை பவளக்கொடி; விழித்திருந்தார். இடது கையில் இரண்டு ஊசி. நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக்கூடாது. வலது கையில் போனை எடுத்தார். ஒரே கையால் பிடிப்பதா, விரிப்பதா? நெஞ்சின்மேல் வைத்து இரண்டு விரலால் விரித்தார். போன் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

வேதநாயகம் எடுத்துக் கொடுத்தார். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது தடவை பவளக்கொடி கண்ணை மூடிக்கொண்டார்.

"விடுங்க தம்பி. எனக்குத்தான் இதெல்லாம் வராது. செஞ்சவர் பெரிய படிப்பு படிச்சவரா இருப்பார். பாருங்க, எவ்வளவு அழகா செஞ்சிருக்கார்."

நான்தான் அக்கா அது என்று சொல்ல வேதநாயகத்துக்கு வாய் வரவில்லை. போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

பவளக்கொடி விரித்தார். மாதம் மலர்ந்தது. வியாழக்கிழமையைத் தொட்டார்.

"அப்பாடா! நல்லா இருப்பீங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "வியாழக்கிழமையும் வருவீங்களா தம்பி?"

அலுவலகம் வந்ததும் வேதநாயகம் நேரே நஸ்ரீனிடம் போனார். கண் சிவந்திருந்தது.

"குருவே, என் இடது கையை இந்த நாற்காலியோட கட்டிவிடுங்க."

நஸ்ரீன் மேஜையில் கிடந்த சார்ஜர் வயரை எடுத்து இரண்டு முடிச்சுப் போட்டார்.

"இறுக்கமா இருக்காண்ணா?"

"இருக்கட்டும்," என்றார் வேதநாயகம். "போனை வலது கையில குடுங்க."