மன்னரின் பூட்டனாரும் குளத்து ஆமையும்

அந்தக் காலத்தில் ஆமைக்குப் பேச்சும் உண்டு, எப்போதும் வெளியே நீண்டு நிமிர்ந்திருக்கும் கழுத்தும் உண்டு. சீன தேசத்தில், மஞ்சள் ஆற்றின் ஒரு கரையை ஹாவ் பெய் என்ற மன்னர் ஆண்டுவந்தார். சின்ன வயதில் பட்டத்துக்கு வந்து, வெள்ளத்துக்கு அணை போட்டு, பகைவரை விரட்டி, நல்ல பெயர் எடுத்தவர். ஒரே குறை, தன் பூட்டனார் யாரென்று அவருக்குத் தெரியாது. அந்தப் பேச்சை எடுத்தாலே அவருடைய அப்பா எழுந்து போய்விடுவார்.

மகள் சூ யுன்னும் அக்கரை இளவரசனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். இளவரசனின் அப்பா ஜின் ரோங் பெண் பார்க்க வந்தார்.

"வம்சம் பார்த்துத்தான் பெண் எடுப்போம். உங்கள் பூட்டனார் யார்?"

"டிராகன்," என்றார் ஹாவ் பெய், யோசிக்காமல்.

"சாட்சி?"

அத்தனை தலைமுறையையும் பார்த்தது அரண்மனைக் குளத்து ஆமை ஒன்றுதான். ஹாவ் பெய் குளக்கரைக்கு ஓடினார். "பெரியவரே, டிராகன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் பெண்ணின் வாழ்க்கை அதில் இருக்கிறது."

"பொய் சொல்லிப் பழக்கமில்லை. முயன்று பார்க்கிறேன்," என்றது ஆமை.

சபையில் ஆமை எல்லோரையும் பார்த்து, "டிரா..." என்று தொடங்கியது. விக்கல் வந்தது. மறுபடி "டிரா..." மறுபடி விக்கல். கடைசியில், "வாத்து மேய்த்தார். தங்கமான மனுஷன்," என்று சொல்லிவிட்டது.

ஹாவ் பெய்க்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஜின் ரோங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீர்கள் ஐயா," என்றது ஆமை. "அந்த வாத்துகளை ஓட்டிக்கொண்டு அக்கரைக்கு ஓடியவர் உங்கள் பூட்டனார்தான்."

அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு மன்னர்களும் ஒரே நேரத்தில் செருப்பைக் கழற்றி வீசினார்கள். போக்கிடம் தெரியாமல் ஆமை கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. செருப்புகள் ஓட்டில் பட்டு விழுந்தன.

சூ யுன் நடுவில் வந்து நின்றாள். "அவர் பூட்டனார் ஓட்டிப்போன வாத்துகளுக்குப் பதிலாக மாப்பிள்ளையை இங்கேயே விட்டுவிடட்டும். வழக்கு தீர்ந்தது."

ஜின் ரோங்கால் மறுக்க முடியவில்லை. இளவரசன் வீட்டோடு மாப்பிள்ளையானான். கல்யாண விருந்துக்கு ஹாவ் பெய் தானே போய் அழைத்தும் ஆமை தலையை வெளியே நீட்டவில்லை.

மனிதர் காலடிச் சத்தம் கேட்டதும் ஆமை தலையை உள்ளே இழுத்து வாயை மூடிக்கொள்வது அன்று முதல்தான். வருகிறவர் தன் பூட்டனாரைப் பற்றி விசாரித்துவிடுவாரோ என்று அதற்குப் பயம்.