கிளிக்கு மேலே

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடாதீர்கள். எங்கள் குரு ஸ்கூட்டியில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே முந்தின நாள் வேலையைக் கேட்பார். பெயர் மங்கையர்க்கரசி, வயது முப்பத்தாறு. சீடர் வேலாயுதம் சாருக்கு அவரைவிட எட்டு வயது கூட. பல வருஷம் கடைகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிவிட்டு, மொபைல் ஆப் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ஆப் எழுதுவது அவர்கள் வேலை. அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக் குறை சொல்வது என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனாலேயே என்னை அங்கே ஒருத்தருக்கும் பிடிக்காது.

அப்போது ஒரு பள்ளிக்கூட வேனுக்காக ஆப் செய்துகொண்டிருந்தோம். பெற்றோர் போனில் இருக்கும். வேன் எங்கே வருகிறது, பிள்ளை ஏறிவிட்டதா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

அதில் வேலாயுதம் சார் செய்தது ஒரு பாப்-அப். பிள்ளை ஏறாமல் வேன் கிளம்பிவிட்டால், வீட்டில் உள்ளவர்கள் போனில் திரையை மறைத்துக்கொண்டு ஒரு கட்டம் எழும்பும். 'உங்கள் பிள்ளை இன்னும் வேனில் ஏறவில்லை.' சிவப்பு எழுத்து. படம் கிடம் ஒன்றும் கிடையாது.

அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த சகாயராஜ் இன்னொரு பாப்-அப் செய்திருந்தார். காலையில் வேன் ஸ்டாப்பை விட்டுக் கிளம்பியதும் ஒரு பச்சைக்கிளி வேன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டும். 'வணக்கம்! வேன் கிளம்பியாச்சு!' என்று இறக்கையை ஆட்டும்.

பள்ளிக்கூடத் தாளாளர் பார்க்க வந்தார். கிளியைக் கண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இன்னொரு தடவை காட்டுங்க" என்றார். போனைக் கையோடு வாங்கிக்கொண்டு போய்க் கீழே தன் டிரைவரிடம் காட்டிவிட்டு வந்தார். சகாயராஜின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். சிவப்புக் கட்டத்தைக் காட்டியபோது, "ம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

அன்றைக்குப் பிடித்தது வேலாயுதம் சாருக்கு வயிற்றெரிச்சல்.

"கிளியாம் கிளி!" என்றார் என்னிடம். "நான் உசிர் சமாச்சாரம் பண்ணிருக்கேன், ஒருத்தன் கண்டுக்கல. அவன் ஒரு பொம்மையை ஆட்டுதான், ஆளுக்காள் முதுகைத் தட்டுதாங்க."

"கிளி நல்லாத்தானே சார் இருக்கு" என்றேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க என்னோடு பேச்சில்லை.

அது என்ன பொறாமையோ, பார்க்கவே பாவமாக இருக்கும். சகாயராஜ் சிரித்தால் இவருக்குத் தலை வலிக்கும். சகாயராஜ் புதுச்சட்டை போட்டு வந்தால் இவர் மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைப்பார். மீட்டிங்கில் சகாயராஜ் பேச எழுந்தால் போதும், இவர் டீ குடிக்க மாடிப்படி இறங்கிவிடுவார். சகாயராஜுக்கோ இது ஒன்றுமே தெரியாது. "வேலு, எனக்கும் ஒரு டீ சொல்லிட்டு வால" என்று பின்னாலிருந்து கத்துவார்.

ஒரு நாள் சீடர் குருவின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம். ரெண்டு பாப்-அப் ஒரே நேரத்துல வந்தா எது மேல இருக்கணும்?"

குரு அவரைப் பார்த்தார். பிறகு சின்ன மஞ்சள் ஒட்டுச்சீட்டு ஒன்றில் ஏதோ எழுதி, எழுந்து போய் அவருடைய திரையில் ஒட்டினார். அதன்மேல் இன்னொன்றையும் எழுதி ஒட்டினார்.

"வேலையைப் பாருங்க சார்."

வேலாயுதம் சார் உட்கார்ந்தார். இரண்டு சீட்டையும் உரித்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"என்ன எழுதிருந்தேன்?" என்றார் குரு.

சார் திருதிருவென்று விழித்தார். குனிந்து கூடையிலிருந்து எடுத்துப் பிரித்தார். இரண்டிலுமே 'உங்கள் டீ ஆறுகிறது' என்றுதான் இருந்தது. கையருகில் இருந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். ஆறி ஆடை படிந்துவிட்டது.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. குரு சிரிக்கவில்லை.

மனுஷர் அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டார் தெரியுமா? சாயங்காலம் சகாயராஜ் கிளம்பின பிறகு என்னிடம் சொன்னார்: "பாத்தியா, கை மொதல்ல மேல உள்ளதுக்குத்தான் போகுது. நான் மேல இருக்கணும்."

பாப்-அப்பில் ஒரு சங்கதி உண்டு. இரண்டு ஒன்றாக வந்தால், கடைசியாகத் திறந்தது எதுவோ அதுதான் மேலே உட்காரும். முந்தி வந்தது அடியில் கிடக்கும். வேலாயுதம் சார் தன்னுடையதை மாற்றி எழுதினார். பிள்ளை ஏறாவிட்டாலும் அது உடனே எழும்பாது, காத்திருக்கும். காலையில் கிளி வந்து இறக்கையை ஆட்டத் தொடங்கியதும், அதன் தலைமேல் போய் உட்காரும்.

"இனி எப்படி முந்துவான்னு பாக்கேன்" என்றார்.

தட்டிப் பார்த்தேன். அவர் சொன்னபடியே கிளி வந்தது, அடுத்த நொடி அது இருந்த இடம் தெரியாமல் சிவப்பு வந்து மூடியது. எத்தனை தடவை தட்டினாலும் அப்படித்தான். சார் முகத்தில் அன்றைக்குத்தான் பழைய களை வந்தது.

அதற்குப் பின் அவர் அந்தப் பக்கம் என்னை விடவேயில்லை. "நல்லா ஓடுததை எதுக்கு நோண்டுதே? வேற வேலை இருந்தாப் பாரு" என்பார். செய்த காரியம் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயம்.

இதற்கிடையில் குரு எல்லோரையும் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அவர் வேறொரு ஆப்புக்கு மாறப்போகிறார். இந்த ஆப்பில் உள்ள அத்தனை பாப்-அப்பையும் ஒருத்தர் பொறுப்பில் விட வேண்டும். எது வரலாம், எது பொறுக்க வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்று அந்த ஒருத்தர்தான் முடிவு செய்வார். மற்றவர்கள் அவரிடம் கேட்டுத்தான் எதையும் வைக்க வேண்டும்.

"சகாயராஜ், இல்லன்னா வேலாயுதம் சார். வெள்ளிக்கிழமை சொல்லுதேன்."

வேலாயுதம் சாருக்குச் சோறு இறங்கவில்லை.

"அது எனக்கு வரணும்" என்றார் என்னிடம். "வரலைன்னா என்ன அர்த்தம்? என் பாப்-அப்பை வைக்க நான் அவன்ட்டப் போய் அனுமதி கேக்கணும். 'வேலு, உன்னுது கொஞ்சம் பொறுக்கட்டும்ல'ன்னு அவன் சொல்வான், நான் சரிங்கணும். அதுக்கு நான் இந்த வேலையையே விட்டுட்டுப் போயிருவேன்."

ஆப்பை ஒரே ஒரு வேனில் ஓடவிட்டிருந்தோம், வெள்ளோட்டம் மாதிரி. புதன்கிழமை காலையில் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. ஒரு அம்மா. எடுத்ததுமே சத்தம்.

"உங்க ஆப்புன்னு ஒண்ணு எதுக்கும்மா? என் மக தண்ணி பாட்டிலை விட்டுட்டேன்னு எடுக்கப் போயிருக்கா, வேன் கிளம்பிருச்சு. நான் ஆபீஸ்ல ஆப்பைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலியே! ரோட்டோரத்துல தனியா நின்னு அழுதிருக்கா. பழக்கடைக்காரம்மா பாத்துக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காங்க. அவங்க இல்லன்னா? சொல்லுங்க, அவங்க இல்லன்னா?"

மன்னிப்புக் கேட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் வேலாயுதம் சார் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். நேராகச் சகாயராஜின் முன்னால் போய் நின்றார்.

"என்னுதை அமுக்கிட்டேல்லா? வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி என் பேரைக் கெடுக்கணும்னு அமுக்கிட்டேல்லா?"

"ஏல வேலு, என்ன பேசுத? நான் உன்னுதைத் தொடவே இல்லல!"

"பின்னே வந்துக்கிட்டிருந்தது எப்படி நின்னுச்சு? எனக்குத் தெரியும்ல. ஆரம்பத்துலேருந்தே உனக்கு நான்னா ஆகாது!"

சகாயராஜின் முகத்தைப் பார்த்திருந்தால் யாரும் மேற்கொண்டு பேசியிருக்கமாட்டார்கள். இவர் பார்க்கவில்லை.

குரு எழுந்து வந்தார். "சகாயராஜ், நீங்க அந்தம்மா வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பாத்துட்டு வாங்க" என்றார். அவர் போனதும், "சார், இப்படி உக்காருங்க" என்று ஒரு போனை எடுத்து மேஜையில் வைத்தார்.

சோதனைக்கென்று ஒரு பொய்ப் பிள்ளை வைத்திருக்கிறோம். ஒண்ணாம் வகுப்பு. கயல்விழி என்று நான்தான் பெயர் வைத்தேன். குரு கண் காட்டினார். கயல்விழியை ஸ்டாப்பில் நிறுத்தினேன். வேன் வந்தது, நின்றது, அவளை ஏற்றாமல் கிளம்பியது. மஞ்சள் வேன் திரையில் மெல்ல நகர்ந்தது. இரட்டைச்சடைப் பிள்ளைப் படம் ஸ்டாப்பிலேயே நின்றது.

ஒன்றும் எழும்பவில்லை.

"பாத்தீங்களா மேடம்? இதைத்தான் சொன்னேன். அமுக்கி வச்சிருக்கான்!"

"எதுக்குக் காத்திருக்கு சார் உங்களுது?"

சார் தயங்கினார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கிளிக்கு" என்றார் தணிந்த குரலில். "கிளி வரணும். வந்ததும் என்னுது மேல வரும்."

"சரி. இருங்க."

மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே கடையில் யாரோ சேலையை உதறி விரிக்கிற சத்தம் கேட்டது. வேன் இரண்டு தெருவைத் தாண்டியது.

"கிளி ஏன் வரல?" என்றார் சார்.

"கிளி இல்லையே சார். போன வாரமே எடுத்தாச்சு" என்றார் குரு.

"எடுத்தாச்சா? யாரு எடுத்தா?"

"சகாயராஜ்தான். மீட்டிங்ல சொல்லிட்டுத்தான் எடுத்தார். வேன் கிளம்பினதை இப்ப மேல ஒரே வரில சின்னதா போட்டிருக்கார், பாருங்க."

"நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க சார்" என்றேன்.

வேலாயுதம் சார் தன் கம்ப்யூட்டரைத் திறந்தார். தான் எழுதியதை மேலிருந்து கீழே படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கே கிளியின் பெயர் இருந்தது, அவர் கையால் எழுதினது. காது மடல் சிவந்துபோயிற்று.

"எதுக்கு எடுத்தான்?" என்றார். "அவ்வளவு பேர் வாங்கிக் குடுத்த கிளியை எவனாவது எடுப்பானா?"

"தினமும் காலைல கிளியை மூடி மூடிப் பழகினவங்க, உங்க சிவப்பையும் படிக்காமலே மூடிருவாங்கன்னு சொன்னார். வேலு பண்ணினதுதான் இந்த ஆப்புல முக்கியம், என் கிளியால அது கெட வேண்டாம்னார்" என்றார் குரு.

இதோடு சார் தணிந்துவிடுவார் என்று நினைத்தேன். எங்கே! சடாரென்று நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா மேடம்? இதுலயும் அவனே முந்திட்டான்! கிளியை வச்சும் பேர் வாங்கினான், எடுத்தும் பேர் வாங்கிட்டான். நான் என்ன செஞ்சாலும் அவனுக்குக் கீழதான். பொறுப்பு அவனுக்குத்தானே? இப்பவே சொல்லிருங்க. நான் போய் அவன் முன்னாடி கைகட்டி நிக்கணும், அவ்வளவுதானே? சொல்லுங்க மேடம், அவனுக்குத்தானே?"

குரு போனை எடுத்தார். வேன் பள்ளிக்கூட வாசலுக்கே போய்விட்டிருந்தது. திரையைச் சார் பக்கம் திருப்பி வைத்தார்.

"பிள்ளை இன்னும் ஸ்டாப்புலதான் நிக்கு சார்" என்றார்.